பெண்கள் பக்க ஆசிரியர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950, 60களில் அமெரிக்க நாளிதழ்களின் பெண்கள் பக்கத்தை நடத்தியவர்களைத் தேடிப் போகிற பலர், ‘ஒன்றுமே கிடைக்கவில்லை’ என்று சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள். நிறையவே கிடைக்கும். தேடும் விதத்தில்தான் கோளாறு.

பலர் செய்வது, ஒரே பெயரை வைத்துக்கொண்டு தேடுவது. சிகாகோ ட்ரிப்யூனில் பல்லாண்டு சமையல் பகுதியை நடத்திய ரூத் எல்லன் சர்ச், அச்சில் ‘மேரி மீட்’. ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் நாளிதழ்களில் ‘புரூடன்ஸ் பென்னி’ என்ற பெயரில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெண்கள் எழுதினார்கள். எல்லோரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது. திருமணமும் பெயரை மாற்றும். மயாமி ஹெரால்டின் டோரத்தி ஜர்னி, பிறப்பில் டோரத்தி மிசெனர். பெண்கள் சங்க அறிக்கைகளில் ‘மிஸஸ்’ போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். அதையும் தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பழைய நாளிதழ்களின் மின்தொகுப்பில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துவது. ஆசிரியரின் உழைப்பு பெயர் போடாத உழைப்பு. எந்தச் செய்திக்கு யாரை அனுப்புவது, எதை மேலே போடுவது, என்ன தலைப்பு வைப்பது, இவற்றுக்கெல்லாம் கையெழுத்து கிடையாது. அதனால் அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய சில மாதப் பக்கங்களையும் பிந்தைய சில மாதப் பக்கங்களையும் முழுதாகப் புரட்ட வேண்டும். என்ன புதிதாக வந்தது, எது போனது என்பதில்தான் அவர் தெரிவார். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை. சிறந்த பெண்கள் பக்கங்களுக்காக மிசௌரி பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கிய பென்னி-மிசௌரி விருதுகளின் பட்டியல், எந்தப் பக்கங்களைப் புரட்டலாம் என்று வழிகாட்டும்.

‘கல்யாணச் செய்தியும் சமையல் குறிப்பும்தானே’ என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. டல்லாஸ் டைம்ஸ் ஹெரால்டில் 1956 முதல் 1984 வரை பெண்கள் பக்க ஆசிரியராக இருந்த விவியன் காஸில்பெரி, வீட்டு வன்முறையையும் குழந்தைகள் மீதான கொடுமையையும் வாசகர்முன் வைத்தார். அதற்காக எல்லோரையும் போராளிகளாக்கிவிடவும் வேண்டாம். தெற்கத்திய வெள்ளையர் நாளிதழ்கள் பலவற்றில் கறுப்பின மணப்பெண்களின் படத்துக்கு நெடுங்காலம் இடமில்லை. கறுப்பினப் பத்திரிகைகளின் பெண்கள் பக்கங்களைப் பார்க்காமல் எழுதுவது பாதி வரலாறுதான். பிட்ஸ்பர்க் கூரியரின் பெண்கள் பக்க ஆசிரியர் டோக்கி ஷால்க் ஜான்சனை அங்கேதான் காண முடியும்.

இன்னொரு தவறு, இவர்கள் விரும்பித்தான் அந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று எழுதிவிடுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜர்னி வாஷிங்டனில் ஒரு நாளிதழின் நகரச் செய்திப் பிரிவைத் தற்காலிகப் பொறுப்பில் நடத்தினார். போர் முடிந்ததும் அந்த இடத்துக்கு வந்த ஆணுக்கு அவரே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்து, பின்னாளில் பெண்கள் பக்க ஆசிரியரான மார்ஜரி பாக்ஸன், ஆண்கள் திரும்பினால் இடத்தை விட்டுத்தருவதாக முன்கூட்டியே கையெழுத்திட்டார். போர் ஆண்டுகளை இரண்டு வரியில் தாண்டிவிட்டால் இந்த அநியாயம் கண்ணிலேயே படாது.

இந்த விவரங்களில் பல அவர்கள் முதுமையில் அளித்த பேட்டிகளில் உள்ளன. வாஷிங்டன் பிரஸ் கிளப் அறக்கட்டளையின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜர்னி, பாக்ஸன், காஸில்பெரி மூவரும் பேசியிருக்கிறார்கள். தேதிகளை மட்டும் நாளிதழோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

1969இல் வாஷிங்டன் போஸ்ட் பெண்கள் பக்கத்தை எல்லோருக்குமான ‘ஸ்டைல்’ என்ற பகுதியாக மாற்றியது. மற்ற நாளிதழ்களும் பின்தொடர்ந்தன. பலரின் ஆய்வும் அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கம் போனதால் பதவி இறக்கப்பட்ட பாக்ஸன், 1975இல் மெக்ஸிகோ நகரில் நடந்த ஐ.நா. மகளிர் மாநாட்டின் நாளிதழுக்கு ஆசிரியரானார். பிறகு இரண்டு நாளிதழ்களுக்குப் பதிப்பாளர். 1987இல் அவர் தந்த 50,000 டாலரில் மிசௌரியில் ‘தேசியப் பெண்கள் மற்றும் ஊடகத் தொகுப்பு’ உருவானது. கடிதங்களையும் அலுவலகக் குறிப்புகளையும் தேடுபவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.