இன்டேக் மேனிஃபோல்டின் காற்றோட்டத்தை ஒப்பிடும் முறை

செவர்லே எல்எஸ்1 வி8 எஞ்சினுடன் வரும் நைலான் இன்டேக் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) வெளிச்சந்தையில் வாங்கிய மாற்று மேனிஃபோல்டையும் ஒப்பிட விரும்புவோர், இரண்டையும் ஒரே ஃப்ளோ பெஞ்சில் (காற்றோட்டத்தை அளக்கும் கருவி), ஒரே சிலிண்டர் ஹெட்டின் (வால்வுகள் அமைந்த எஞ்சினின் மேற்பகுதி) மீது பூட்டி, 28 அங்குல நீர்த்தூணுக்குச் சமமான அழுத்த வேறுபாட்டில் அளக்க வேண்டும்.

முதலில் ஹெட்டை மட்டும், போர்ட்டின் (காற்று உள்ளே செல்லும் வழி) வாயில் களிமண்ணால் உருண்டையான விளிம்பு அமைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மேனிஃபோல்டைப் பொருத்தி, வால்வை அதே அளவு திறந்து, எட்டு ரன்னர்களையும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் தனிக்குழாய்கள்) தனித்தனியே அளந்தால், முதல் அளவிலிருந்து குறையும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) அளவுதான் அந்த மேனிஃபோல்டு ஏற்படுத்தும் தடை. கேஸ்கெட்டின் உள்விளிம்பு போர்ட்டுக்குள் சிறிது துருத்தினாலும் அளவு கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். த்ராட்டில் பாடியை (மேனிஃபோல்டின் வாயில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) பூட்டியும் கழற்றியும் அளப்பது நல்லது. பெரிய வாய் கொண்ட மேனிஃபோல்டின் ஆதாயம் சிறிய த்ராட்டில் பாடியால் மறைந்துபோகக்கூடும்.

விற்பனையாளர் தரும் சிஎஃப்எம் எண் 10 அங்குல நீர்த்தூண் அழுத்தத்தில் எடுக்கப்பட்டதாயின், அதை 1.67 ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிடலாம். என் கணிப்பில், சராசரியைவிட ரன்னர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வே அதிகம் சொல்லும், ஏனெனில் காற்று குறையும் சிலிண்டரில் எரிபொருள் கலவை மாறிவிடுகிறது.

சீரான ஓட்டத்தை மட்டும் அளக்கும் பெஞ்சுக்கு ரன்னர் நீளத்தால் எழும் அழுத்த அலைகளின் பயன் தெரியாது. அதனைக் காண டைனமோமீட்டரில் (எஞ்சினின் திறனை அளக்கும் கருவி) முழு டார்க் (சுழற்று விசை) வளைவையும் எடுக்க வேண்டும்.