மலைக்காட்டில் சைக்கிள் பயணம்: இறக்கத்தில் செய்யும் பெரிய தவறும் வேறு சிலவும்

போன மாதம் ஒரு நீண்ட மலை இறக்கத்தின் பாதி வழியில் இரண்டு இளைஞர்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது முதல் மலைப் பயணம். பின்கேரியரின் இரண்டு பக்கமும் பை, அதற்கு மேல் கூடாரம். பக்கத்தில் போனதுமே சூடான ரப்பர் வாசனை அடித்தது. "கை வலிக்குதுண்ணா, அதான் கொஞ்சம் உட்கார்ந்துட்டோம்" என்றார் ஒருவர். முன்சக்கர ரிம்முக்கு அருகே விரலைக் கொண்டுபோனேன். தொடாமலே அனல் தெரிந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் இறங்கினேன். அன்று என்னை யாரும் நிறுத்தவில்லை. அவர்களை அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பேசினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், பஞ்சர் ஒட்டப் பழகுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

சமவெளியில் ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓட்டிப் பழகியவர் மலைக்கும் அதே கணக்கில் திட்டம் போட்டுவிடுவார். மலையில் பார்க்க வேண்டியது அன்றைக்கு மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதை. சுமையோடு ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறினாலே நல்ல வேகம். 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறுவதற்கு மட்டும் நான்கைந்து மணி நேரம் போய்விடும். கிளம்பும் ஊரும் சேரும் ஊரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவே என்று ஏமாற வேண்டாம். நடுவில் ஐந்து ஓடைகள் குறுக்கிட்டால் ஐந்து முறை இறங்கி ஐந்து முறை ஏற வேண்டும்.

இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வருவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

நீங்கள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 800 மீட்டர் உயரத்தை இறங்குகிறீர்கள். அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 820 கிலோஜூல். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தபிறகும் அதில் மிச்சம் இருக்கும். இவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். டயர் உருள்வதில் கொஞ்சம் போகும். மீதியைக் காற்று வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும்.

வேகமாகப் போனால் பெரும்பங்கைக் காற்றே எடுத்துக்கொள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் வெப்பம் மெதுவாகத்தான் உருவாகும், ரிம் ஆறிக்கொண்டே வரும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கு இருபது, முப்பது கி.மீ. வேகத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருவதுதான் மோசம். வெப்பம் வேகமாகச் சேரும், காற்று பெரிதாக உதவாது. பயத்தோடு இறங்கும் புதியவர் தேர்ந்தெடுப்பது சரியாக இந்த வேகத்தைத்தான். அது பத்திரமானது என்று நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறார்.

சக்கரத்தின் ரிம்மையே கட்டைகள் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் என்றால் அந்தச் சூடு ரிம்மில் ஏறி உள்ளே இருக்கும் டியூபுக்குப் போகும். காற்றழுத்தம் கூடும். ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் டேப் இளகும். ஒட்டுப் போட்ட டியூப் என்றால் பசையும் இளகும். கார்பன் ரிம் என்றால் அதன் பிசினே இளகக்கூடும். சுமைப் பயணத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

"என்னுடையது டிஸ்க் பிரேக், கவலையில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் கட்டைகள் பிடிப்பது ரிம்மை அல்ல, சக்கரத்தின் நடுவில் இருக்கும் தனித் தட்டை. டியூப் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் பிரேக் கட்டைகள் கருகி வழவழப்பாகிப் பிடிமானம் குறையும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் டாட் (DOT) வகை பிரேக் திரவம் ஊற்றியிருந்தால், அது நாளாக ஆக ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும். கடும் சூட்டில் திரவம் கொதித்து உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் ஹாண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொள்ளும், சக்கரம் நிற்காது. கனத்த சுமையோடு மலைக்குக் கிளம்பும் முன் திரவத்தை மாற்றிவிடுங்கள்.

எனக்கு நடந்தது இது. பயணத்தின் நான்காம் நாள். காலையில் முன்சக்கர டியூபுக்கு ஒட்டுப் போட்டிருந்தேன். பன்னிரண்டு கி.மீ. இறக்கம், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் சாலை. முந்தைய நாள் தங்கிய இடத்தில் பல வருஷம் மலையில் ஓட்டிய ஒருவர், "லேசாப் பிடிச்சுக்கிட்டே போ, விடவே விடாதே, அதுதான் பத்திரம்" என்று சொல்லியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒன்பதாவது கி.மீ.யில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது சாலையோரக் கற்களும் தோள்பட்டையில் ஒரு வலியும்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டபடி இருந்தேன். கூட வந்த நண்பனும் எனக்காகப் பயணத்தை முடித்துக்கொண்டான். அவன் அதற்காக ஒரு வருஷம் விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தான்.

எலும்பு கூடிவிட்டது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது அந்த அறிவுரைதான். இப்போதும் அதை அதே வார்த்தைகளில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். லாரி ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு எஞ்சினை வைத்தே வண்டியைக் கட்டுப்படுத்துவார், பிரேக்கைச் சூடேற விட மாட்டார். நம் சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். நமக்கு எஞ்சின் இல்லாததால் பிரேக்கை இன்னும் கவனமாகச் செலவழிக்க வேண்டும்.

சரி, எப்படி இறங்குவது? நேரான, பார்வை தெளிவாக இருக்கும் பகுதியில் பிரேக்கை முழுதாக விடுங்கள். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், உடம்பே காற்றைத் தடுக்கும். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, மூன்று நான்கு வினாடியில் வேகத்தைக் குறையுங்கள். சாயத் தொடங்கும் முன் விட்டுவிடுங்கள். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். அடுத்த நேர்ப்பகுதியில் மறுபடி விடுங்கள். அந்த இடைவெளியில்தான் ரிம் ஆறும்.

பின்பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொல்வதும் தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் எளிதில் வழுக்கும். எல்லாச் சூடும் ஒரே சக்கரத்தில் போய்ச் சேரும்.

சில இறக்கங்கள் விட்டு ஓட்ட முடியாத அளவு செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். அங்கே 200 மீட்டர் உயரம் இறங்கியதும் ஒருமுறை நில்லுங்கள். ரப்பர் வாசனை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே நில்லுங்கள். பத்து நிமிஷம் போதும். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், நான் இப்போதும் சில இடங்களில் தள்ளுகிறேன். அப்புறம், கிளம்பும் முன் பிரேக் கட்டையின் தடிமனைப் பாருங்கள். ஈரமும் மணலும் சேர்ந்த சாலை அதை மளமளவென்று தேய்த்துவிடும்.

பந்தய கியரோடு மலைக்கு வருவது

சின்ன கியர் என்றால் பலவீனம் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. பிரான்சில் வெலோசியோ என்று அறியப்பட்ட பால் தெ விவி (1853–1930) மலைப் பயணத்துக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியரை அனுமதித்தது 1937-இல்தான், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து.

பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் (முன்னால்) 34 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் (பின்னால்) 28 பல் என்றால், மணிக்கு 6 கி.மீ. ஏறும்போது நிமிஷத்துக்கு நாற்பது சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நெரிக்கும். முன்னால் 28, பின்னால் 34 என்றால் அதே வேகத்தில் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக மிதிக்கலாம். நாள் முழுக்கத் தாங்கும். முன்பல் பின்பல்லைவிடச் சிறியதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாச் சுமையையும் பின்னால் கட்டுவது

ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், வேகமான இறக்கத்தில் சைக்கிள் முழுக்க நடுங்கும். கனமான பொருளைத் தாழ்வாக வையுங்கள், கொஞ்சத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

வேர்வையோடு உச்சியிலிருந்து இறங்குவது

1,000 மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏறும்போது உடம்பு தரும் சூட்டில் அது தெரியாது. இறங்கத் தொடங்கியதும் நனைந்த சட்டையில் காற்று அடிக்கும், ஐந்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. உச்சிக்கு வந்ததும் முதல் வேலையாக உலர்ந்த சட்டை, காற்றைத் தடுக்கும் மேலாடை, முழுக் கையுறை. படம் எடுப்பது அதற்கப்புறம்.

புது சீட்டோடு கிளம்புவது

வேண்டாம்.

இறக்கத்தில் காதில் பாட்டு

பின்னால் மர லாரி வருவது கேட்காது. கழற்றிவிடுங்கள்.

காட்டு நிழலைக் கவனிக்காமல் விடுவது

வெயில் படாத வளைவுகளில் மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் ஈரம் இருக்கும். பாசியும் உதிர்ந்த இலையும் அங்கேதான். பளீர் வெயிலிலிருந்து அடர்ந்த நிழலுக்குள் நுழையும் அந்த ஓரிரு வினாடி, கறுப்புக் கண்ணாடி போட்டவருக்குக் குழி தெரியாது. நிழல் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பிற்பகலில் புதிய காட்டுப் பாதைக்குள் நுழைவது

பள்ளத்தாக்கில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடும். விலங்குகள் நடமாட்டம் கூடுவதும் அந்திநேரத்தில்தான். வரைபடத்தில் கோடாகத் தெரியும் காட்டுப் பாதை மரம் விழுந்தோ மண் சரிந்தோ முடிந்திருக்கலாம், திரும்பிவர அதே ஏற்றத்தை மறுபடி ஏற வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளக் கைபேசியில் சிக்னலும் இருக்காது. மதியம் இரண்டு மணி ஆகியும் அன்றைய கடைசிப் பெரிய ஏற்றத்தைத் தொடங்கவில்லை என்றால் நான் ஏறுவதில்லை. அடிவாரத்திலேயே இரவு தங்க இடம் தேடிக்கொள்கிறேன்.