ஆன்லைன் கிட்டார் கிளாஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்

ஆன்லைன் கிட்டார் கிளாஸில் சேரலாமா என்று கேட்கிறவர்களில் பலபேர், கேட்கும்போதே போனில் "ஆஃபர் முடிய இன்னும் இரண்டு மணி நேரம்" என்று ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். முதலில் அந்தப் பக்கத்தை மூடுங்கள். அந்த ஆஃபர் நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும், ஆடி மாசத்தில் இன்னும் பெரிய எழுத்தில் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டார் எப்படி வாசிப்பது என்ற தகவலுக்காகக் காசு கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது, அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் வாசிப்பதை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, "அந்த மோதிர விரலை ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் தள்ளுங்க, கட்டை விரலைக் கீழே இறக்குங்க" என்று சொல்கிறாரே, அதற்குக் கொடுக்கலாம் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டை). அது உங்களுக்கு இப்போதே தேவையா, இரண்டு மாசம் கழித்துத் தேவையா, தேவையே இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது, சேலத்தில் இருந்தாலும் சரி, ஏற்காட்டு மேலே இருந்தாலும் சரி.

ஆன்லைன் கிளாஸ் என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். ஒன்று, முன்பே எடுத்து வைத்த வீடியோ கோர்ஸ். இரண்டாவது, யூசிஷியன் மாதிரி ஆப். நீங்கள் வாசிப்பதை போன் மைக் கேட்டு, சரி தப்பு என்று திரையில் காட்டும். மூன்றாவது, ஜூமிலோ கூகுள் மீட்டிலோ ஆசிரியர் அந்த நேரத்திலேயே திரையில் வந்து நடத்துகிற லைவ் கிளாஸ். இந்த மூன்றுக்கும் விலையும் வேறு, பயனும் வேறு. விளம்பரத்தில் "500 மணி நேரப் பாடம்" என்று போட்டிருந்தால் அது முதல் வகை என்று புரிந்துகொள்ளுங்கள், அதில் உங்கள் முகம் ஆசிரியருக்குத் தெரியப் போவதில்லை.

சரி, எதையும் கட்டுவதற்கு முன் கையில் இருக்கிற கிட்டாரைப் பாருங்கள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் கிளாஸ் விற்கிறவருக்கு அதில் லாபம் இல்லை. ஸ்கூல் ஸ்கேல் ஒன்றை எடுத்து, 12-வது ஃப்ரெட்டின் மேல் வைத்து, அங்கிருந்து தடித்த கம்பியின் அடிப்பக்கம் வரை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது, மூன்றரைக்கு மேல் போனால் எந்த வாத்தியார் வந்தாலும் உங்களுக்கு எஃப் கார்ட் வராது (கார்ட் என்பது பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது, எஃப்-இல் ஒரே விரலால் பல கம்பியை அமுக்க வேண்டும்), விரல்தான் புண்ணாகும். ஆன்லைனில் விலை குறைவாக வாங்கின கிட்டார் பெரும்பாலும் செட்டப், அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்கிற வேலை, செய்யாமலேயே வரும். சேலத்தில் சித்திரை வெயிலில், மூடின காருக்குள்ளோ மொட்டை மாடி ஷீட் ரூமிலோ ஒரு மதியம் வைத்தால் போதும், பசை இளகி, கம்பிகளைக் கீழே பிடித்திருக்கிற பிரிட்ஜ் தூக்க ஆரம்பித்துவிடும். ஏற்காட்டிலோ நேர் எதிர், மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பி, கம்பி உயர்ந்துவிடும், கம்பியில் துருவும் ஏறும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டைப் போட்டு வையுங்கள். இசைக்கருவிக் கடையில் கொடுத்து செட்டப் செய்து, புதுக் கம்பி போட்டுக்கொள்ள ஆகிற செலவு, நல்ல லைவ் கிளாஸின் ஒரு மாசக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். முதல் காசு அங்கே போகட்டும்.

அடுத்து ஒரு மாசம் இலவசப் பாடத்தில் ஓட்டுங்கள். ஆங்கிலம் புரிகிறவர்களுக்கு ஜஸ்டின் கிட்டார் போதும், 2003-இல் இருந்து நடக்கிற தளம், ஆரம்பப் பாடங்கள் இலவசம், வரிசையாகவும் இருக்கிறது (அதன் ஆப்புக்குத்தான் கட்டணம்). தமிழில் வேண்டுமென்றால் யூடியூபில் சினிமாப் பாட்டு கார்ட்ஸ் சொல்லித் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் வரிசையிலேயே போங்கள், தினம் ஒரு சேனல் மாற்றினால் ஒரு மாசம் கழித்து ஏழு பாட்டின் முதல் நான்கு வரி மட்டும் தெரிந்திருக்கும். இந்த மாசத்துக்கு இலக்கு பெரிதாக வேண்டாம்: ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. ஒரு நிமிஷம் டைமர் வைத்து, இரண்டு கார்ட்ஸுக்கு நடுவே எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். முப்பதைத் தொட்டால் பாட்டு ஓரளவுக்கு ஓடும். வாரம் ஒருமுறை போனை எதிரே சாய்த்து வைத்து ஒரே பாட்டை வீடியோ எடுங்கள். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அழிக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மாசக் கடைசியில் நீங்கள் மூன்றில் ஒரு நிலையில் இருப்பீர்கள்.

கிட்டாரை எடுக்கவே இல்லை, உறையில் தூசி படிந்திருக்கிறது என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. காசு கட்டினால் பயத்தில் வாசிப்பேன் என்று ஒரு வாதம் வரும். கொஞ்சம் பேருக்கு அது உண்மைதான், ஆனால் வருஷ ஜிம் கார்டு வாங்கினவர்களைச் சுற்றிலும் பார்த்தால் எத்தனை பேருக்கு என்று தெரிந்துவிடும்.

தினமும் வாசிக்கிறேன், அடுத்து என்ன படிப்பது என்றுதான் தெரியவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது ஒழுங்கான பாடத்திட்டம். அதற்கு வீடியோ கோர்ஸ் போதும், அதுவும் இலவசத்தில் இருப்பது தீர்ந்த பிறகுதான். எல்லோருக்கும் பொதுவாக வெட்டின சட்டை அது, தோள்பட்டை பொருந்தினால் அதிர்ஷ்டம். ஆப்பும் இந்த இடத்தில் கொஞ்சம் உதவும், தாளத்தை விடாமல் பிடிக்கப் பழக்கும். ஆனால் மைக்குக்குச் சத்தம்தான் கேட்கும், உங்கள் மணிக்கட்டு மடங்கி வலி வரப்போகிற கோணத்தில் இருப்பது தெரியாது. பச்சை டிக் விழுந்துகொண்டே இருக்கும், கை கெட்டுக்கொண்டே வரும். அப்புறம், வெளிநாட்டு ஆப்களின் பாட்டுப் பட்டியலில் நம் ஊர்ப் பாட்டைத் தேடிப் பாருங்கள், இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாத பாட்டை ஆறு மாசம் வாசித்துக்கொண்டிருப்பீர்கள், அம்மா வந்து "எப்பப்பா ஒரு பாட்டு வாசிப்ப" என்று கேட்பார்.

மூன்றாவது நிலை: தினமும் வாசிக்கிறேன், என்ன படிக்க வேண்டும் என்றும் தெரிகிறது, ஆனால் சத்தம் நன்றாக இல்லை, ஏன் என்று புரியவில்லை. இப்போதுதான் ஆசிரியர் வேண்டும், இப்போது கொடுக்கிற காசு வீண் போகாது. கம்பி ஏன் 'டப்' என்று அமுங்குகிறது, ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மேலும் கீழும் வருடி வாசிப்பது) ஏன் தடுக்கி விழுகிறது என்பதை ஆசிரியர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார், நீங்களாகத் தேடினால் மாசக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் ஆன்லைனா, நேரிலா? சேலம் நகரத்துக்குள் இருப்பவர்கள் முதலில் நேரில் விசாரியுங்கள் என்பேன். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று உங்கள் பக்கத்திலேயே இசைக்கருவிக் கடையில் கேளுங்கள், சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறவரிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் ஊரில் யார் உருப்படியாகச் சொல்லித் தருகிறார் என்று தெரியும். ஐந்து ரோடு நெரிசலில் அரை மணி நேரம் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துத் திருத்துவதை எந்த கேமராவும் செய்யாது. ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, கிளாஸ் முடிந்து, பனி இறங்கின பிறகு கிட்டாரையும் சுமந்துகொண்டு வண்டியில் மேலே ஏறுவது வாரம் ஒருநாள்கூடப் பெரிய பாடு. அவர்களுக்கு லைவ் கிளாஸ்தான் சரியான வழி, ஆனால் ஒரு நிபந்தனை. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் மதியம் நன்றாக இருக்கிற சிக்னல் மழை நாள் சாயங்காலத்தில் எங்கே போகிறதென்று தெரியாது, அதனால் கிளாஸ் எந்த நேரத்தில் வைக்கப் போகிறார்களோ அதே நேரத்தில் தெரிந்தவர் யாருக்காவது வீடியோ கால் போட்டு, கிட்டார் வாசித்து, அவருக்கு விட்டு விட்டுக் கேட்கிறதா என்று சோதித்த பிறகுதான் கட்ட வேண்டும். சிக்னல் நிற்கவில்லை என்றால் டவுன்லோடு செய்து பார்க்கிற வீடியோ கோர்ஸும், வாரம் ஒரு வீடியோ அனுப்பினால் பார்த்துக் கருத்துச் சொல்கிற ஆசிரியரும் போதும். அப்படிச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கட்டணமும் குறையும்.

லைவ் கிளாஸ் என்றால் டெமோ இல்லாமல் சேராதீர்கள். டெமோவில் பார்க்க வேண்டியது ஆசிரியர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பதை அல்ல, அவர் எல்லாம் நன்றாகத்தான் வாசிப்பார். முதல் பத்து நிமிஷத்துக்குள் உங்களை வாசிக்கச் சொன்னாரா? நடுவில் நிறுத்தித் திருத்தினாரா? "கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, கை தெரியல" என்று சொன்னாரா? சொன்னால் அவர் பார்க்கிறவர். அரை மணி நேரமும் தன் சாதனைகளையும் பேக்கேஜையும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டெமோ எடுக்கிறவரே பாடமும் எடுப்பாரா என்று கட்டாயம் கேளுங்கள், பெரிய கம்பெனிகளில் பல நேரம் இருவரும் வேறு ஆட்கள். கரண்ட் போனால் அந்த கிளாஸ் திரும்பக் கிடைக்குமா, பதிவு செய்த வீடியோ கிடைக்குமா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயம். ஜூமில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் போய்ச் சேரத் தாமதம் ஆகும், தாளம் உதைக்கும். அவர் வாசிப்பார், நிறுத்துவார், நீங்கள் வாசிப்பீர்கள், அப்படித்தான் நடக்கும். இன்னொன்று, ஜூம் மனிதக் குரலைத்தான் குரல் என்று எடுத்துக்கொள்ளும், கிட்டார் ஒலி இழுத்து நின்றால் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். இதை உங்களுக்கு ஆசிரியரே முதலில் சொன்னால் அவர் ஆன்லைனில் நடத்திப் பழகினவர் என்று அர்த்தம்.

பிள்ளைக்கு கிரேடு தேர்வு எழுத வைக்க ஆசை என்றால் கணக்கே வேறு. ட்ரினிட்டி, ராக்ஸ்கூல் என்கிற இசைத் தேர்வு அமைப்புகள் நடத்துகிற தேர்வுகளுக்கு அவரவர் பாடத்திட்டம், பாட்டுப் புத்தகம், ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசை எல்லாம் உண்டு, அந்தத் தேர்வுக்கு முன்பே மாணவர்களைத் தயார் செய்த ஆசிரியர்தான் வேண்டும். ஆப் கொடுக்கிற சர்டிஃபிகேட்டைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். இளையராஜா ட்ரினிட்டி கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப்பதக்கம் வாங்கினதை எல்லோரும் சொல்வார்கள், அவருக்குப் பின்னால் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் உட்கார்ந்து மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முக்கால் சைஸ் கிட்டார், நைலான் கம்பி. அப்பாவின் கிட்டாரை மடியில் வைத்துவிட்டுக் குழந்தைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இனி காசு. வருஷ சந்தாவைப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டுவார்கள், நீங்கள் உண்மையில் வாசிக்கப் போகிற மாசங்களால் வகுத்துப் பாருங்கள். டாலரில் விலை போட்டிருந்தால் கார்டு மாற்றுக் கட்டணமும் வரியும் சேர்ந்து வரும். இலவச டிரையலுக்குக் கார்டு கேட்டால், டிரையல் முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் பிடிக்கிற ஆட்டோபேயில் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வர வேண்டும், ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. அந்த மெசேஜைப் பார்க்காமல் விட்டால் பணம் சத்தமில்லாமல் போய்விடும். யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் ஆப்பிலேயே அதை நீங்களே நிறுத்தலாம், கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

இதில் நான் கறாராகச் சொல்வது ஒன்று உண்டு, கிட்டார் கிளாஸுக்கு இஎம்ஐ போடாதீர்கள். "மாசம் இவ்வளவுதான் சார்" என்பது பல இடங்களில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கிற கடன், கிளாஸ் நின்றாலும் தவணை நிற்காது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் அவர்கள் வர வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பர ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்திருங்கள்.

ஆசிரியரைப் பிடித்துவிட்டது என்றால் ஒரே ஒரு மாசத்துக்கு மட்டும், வாரம் ஒரு கிளாஸ் என்று கட்டுங்கள். வாரம் மூன்று கிளாஸ் வேலைக்குப் போகிறவருக்கும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கும் ஆகாது, பழகிப் பார்க்க நேரமே இருக்காது. மாசம் முடிந்ததும் அதே பாட்டை மறுபடி வீடியோ எடுத்து, அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேனே, அதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வித்தியாசம் காதில் விழுந்தால் அடுத்த மாசத்துக்குக் கட்டுங்கள். விழவில்லை என்றால் இரண்டு வீடியோவையும் ஆசிரியருக்கு அனுப்பி, எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். "வலது கை தோளில் இருந்து அசைகிறது, மணிக்கட்டில் இருந்து அசையணும், அடுத்த வாரம் அதை மட்டும் பார்ப்போம்" என்கிற மாதிரி பதில் வந்தால் இன்னொரு மாசம் தாராளமாகக் கொடுக்கலாம். "நல்லா ப்ராக்டிஸ் பண்ணுங்க" என்று மட்டும் வந்தால் ஆட்டோபேயை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.