பாசி மேயும் பிளென்னி: கடல்நீர்த் தொட்டியில் பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி?

தொட்டியில் பாசி ஏறிவிட்டது, அதைத் தின்ன ஒரு மீன் வேண்டும் என்றுதான் பலரும் 'லான்மோவர் பிளென்னி' வாங்குகிறார்கள். சில வாரங்களில் பாசி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மீன் எதைத் தின்னும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சலாரியாஸ் ஃபாசியேட்டஸ் என்பது இதன் அறிவியல் பெயர். செங்கடலிலிருந்து பசிபிக் வரை பவளத்திட்டுகளில் வாழும், 14 செ.மீ. வரை வளரும். சீப்புப்போல் நெருங்கிய மெல்லிய பற்களால் பாறையைச் சுரண்டித்தான் தின்னும். அதில் பாசியைவிட, பாசிக்கிடையே படிந்த மட்கிய துகள்களே அதிகம். நீண்ட நார்ப்பாசியைப் பெரும்பாலும் தொடாது.

படி 1: குறைந்தது 120 லிட்டர் தொட்டி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மரைன் சால்ட்டை (கடல்நீர்த் தொட்டிக்கான உப்புக் கலவை) ஆர்ஓ நீரில், தனி வாளியில் கரையுங்கள். ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி. நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யமானதும் கடைக்கு ஓடாதீர்கள். பாறையில் பழுப்புப் படலம் பிடிக்க 3 மாதமாவது விடுங்கள்.

படி 2: விரல் நுழையும் பொந்துகள் உள்ள பாறைகளை அடுக்குங்கள். வளர்ந்த பிளென்னிக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும். அதனால் வயிற்றுத் துடுப்பை ஊன்றி உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும். மிரண்டால் வால் முதலில் போகப் பின்னோக்கிப் பொந்துக்குள் நுழையும். மிரட்சியில் வெளியே துள்ளுவதும் உண்டு, வலைமூடி கட்டாயம்.

படி 3: மீன் வந்த பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு 45 நிமிடம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேருங்கள். இரவெல்லாம் பயணித்து வந்த பை என்றால் இது ஆபத்து: திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பிஎச் உயரும், பையில் சேர்ந்த அம்மோனியா நஞ்சாகும். அப்படியானால் சொட்டு வேண்டாம், பை நீரின் உப்பளவிலேயே தனித்தொட்டி தயார்செய்து உடனே மாற்றுங்கள்.

படி 4: முதல் வாரத்திலேயே உணவு பழக்குங்கள். நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) ரப்பர் பேண்டால் கல்லில் கட்டி, அது உட்காரும் இடத்தருகே வையுங்கள். மேலே கண்ணாடியில் மாட்டினால் பல மீன்கள் கவனிக்காது. நீரில் மூழ்கும் ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) குருணையும் தரலாம். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

ஒரு தொட்டிக்கு ஒன்று போதும், இரண்டு விட்டால் அடித்துக்கொள்ளும். பசித்தால் சில மீன்கள் பவளத்தையும் கொறிக்கும்.

தினமும் பக்கவாட்டில் வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் நலம். கண்ணாடியில் உதட்டுத் தடம் நிறைய இருந்தும் வயிறு உள்வாங்கியிருந்தால், சுரண்டுகிறது, கிடைக்கவில்லை என்று பொருள். அன்றே நோரியைக் கூட்டுங்கள். அது மேயப் பாசி இருக்கும்படி ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விடுங்கள்.