குமண காட்டுக்கு முதல் தடவை போகிறீர்களா? இப்படிப் போய்ப் பாருங்கள்

மட்டக்களப்புப் பக்கத்துச் சனத்துக்கு குமண என்றால் கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரைதான். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று காட்டுக்குள்ளால் நடந்த கதை இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. அதே காட்டைப் பார்க்கவென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அதைவிடக் குறைவு. பயம் ஒன்றும் வேண்டாம், காட்டை ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். குமண வில்லில், அதாவது காட்டுக்குள் இருக்கிற சதுப்பு நீர்ப்பரப்பில், பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது மே முதல் ஜூலை வரை, அப்போது மழையும் இல்லை, பாதையும் காய்ந்து கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் வெயிலும் வாட்டும்தான், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தூர தேசத்துப் பறவைகள் வேண்டுமென்றால் மாரி ஓய்ந்து, பெப்ரவரி, மார்ச்சில் போங்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. உகந்தை முழுக்க அடியார் கூட்டமாக இருக்கும், காடு பார்க்கிற மனநிலை வராது.

அடுத்தது வாகனம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து அறுகம்பே, பாணமை தாண்டி உகந்தை, அங்கேதான் குமண தேசியப் பூங்காவின் வாசல். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே நிற்க வேண்டுமென்றால் முதல்நாள் இரவு பொத்துவில் பக்கம் தங்குவதே வழி. உள்ளே கார், வான் சரிவராது, பொத்துவிலிலோ பாணமையிலோ ஜீப் பேசிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்கு வேறு கட்டணம், அது நம்முடையதைவிடப் பல மடங்கு. வாசலில் நின்று முகம் சுழிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பைக்குள் தண்ணீர், தொப்பி, இலையில் கட்டிய சோறு, ஒரு தூரநோக்கி, ஒரு கொப்பி, பென்சில், ஒரு துண்டுக் கயிறு. பாணமைக்குப் பிறகு கடையை நம்பாதீர்கள். பொலித்தீன் வேண்டவே வேண்டாம்.

போகிற வழியில் குடும்பிகல மலை வரும். பெயரைக் கேட்டதும் தொப்பிகல என்றும் சொல்கிற நம்முடைய குடும்பிமலை என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. பிக்குகள் இருக்கிற இடம், சத்தம் போடாமல் ஏறிப் பார்த்தால் காடும் கடலும் ஒரே பார்வையில் கிடக்கும்.

சரி, உகந்தைக்கு வந்தாயிற்று. கயிறு எதற்கென்றால், கோயிலைச் சுற்றியுள்ள மணலில் சில காலைகளில் யானைத் தடம் கிடக்கும். யானை பக்கத்தில் இல்லை என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, வட்டமாக இருக்கிற தடத்தைத் தேடுங்கள். வட்டம் முன்கால், நீள்வட்டம் பின்கால். முன்கால் தடத்தைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். நாலடிச் சுற்றளவு என்றால் எட்டடி யானை. என் அக்காவின் மகன் கணக்கைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும்போது அந்த முகம் ஒருநாளும் வந்ததில்லை.

இனி உள்ளே. முதல் தடவை நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். “மாமா, புலி எங்க மாமா?” என்று பிள்ளைகள் சிறுத்தையைக் கேட்க, சாரதியும் உற்சாகமாகி, வேறு ஜீப் போன புழுதிக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் ஓடினார். சிறுத்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூக்கு நிறையத் தூசிதான். இரண்டாம் முறை ஏறும்போதே சாரதியிடம் சொல்லிவிட்டேன்: “அண்ணன், புலி வேண்டாம். வில்லுக்குப் போய் எஞ்சினை நிப்பாட்டுங்க, அரை மணித்தியாலம் சும்மா இருப்பம்.” அவர் ஒருமாதிரிப் பார்த்தார். ஆனால் அந்த அரை மணித்தியாலம்தான் அன்றைக்கு வந்ததற்குப் பலன்.

குமண வில்லு சுமார் 200 ஹெக்டேயர் சதுப்பு, குமுக்கன் ஆற்றுத் தண்ணீர் வந்து சேருமிடம். ஆற்றோரம் நிற்கும் மருத மரத்துக்குச் சிங்களத்தில் கும்புக், ஆற்றுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்டிவாயன் அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் அரிவாளால் புல் அறுப்பது போல வீசிக்கொண்டே நடக்கும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறும், மீன் பட்டதும் டக்கென்று மூடும். கண்ணால் பார்த்தல்ல, அலகில் படுவதை உணர்ந்துதான் பிடிக்கிறது. கொக்கு அசையாமல் நின்று குத்தும். பாம்புத்தாரா முங்கி எழும்பி, நனைந்த சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். ஒரே தண்ணீர், நாலு விதமான வேட்டை. இதைக் கொப்பியில் கீறச் சொன்னால் பிள்ளைகள் புலியை மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் மறந்துவிட்டார்கள் என்பது வேறு விசயம்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. அனுமதித்த இடம் தவிர வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது, வில்லின் ஓரத்தில் மரக்கட்டை போலக் கிடப்பது முதலையாக இருக்கலாம். குரங்குக்குக்கூடத் தீனி போடக்கூடாது. கூடவே வரும் வனசீவராசிகள் திணைக்கள வழிகாட்டி சொன்னால் சொன்னதுதான். அவரிடம் தமிழிலோ சிங்களத்திலோ பேச்சுக் கொடுங்கள். பாணமைப் பக்கத்து ஆட்கள் பலருக்கு இரண்டும் வீட்டு மொழி மாதிரி. 1985இலிருந்து 2003 வரை பூங்கா போரால் மூடிக் கிடந்தது, அப்போது இதன் பெயர் யால கிழக்கு. குமண என்ற பெயர் 2006இல்தான் வந்தது. அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டால் பாதை போவதே தெரியாது.

மாலை 6 மணிக்கு வாசல் மூடும். அதுவரை இழுக்காமல் நாலரைக்கே திரும்பிவிடுங்கள். உகந்தையிலிருந்து பாணமை வரையான பாதையில் பொழுது பட்டால் யானை ஏறி நிற்கும், நின்றால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும் வரை பார்த்துக்கொண்டிருங்கள். மிச்சச் சோறு இருந்தால் அந்த நேரம் ஜீப்புக்குள் பிரிக்க வேண்டாம், மணம் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.