ஹார்ட் டிஸ்க் கேட்டலாக்ல டிஸ்கிரிப்ஷன் தானா விழணுமா? இப்படி பண்ணுங்க

அலமாரில நாலஞ்சு பழைய ஹார்ட் டிஸ்க்கும் டப்பா நிறைய டிவிடியும் வச்சிருக்கறவங்களுக்குத்தான் இது. வின்கேட்டலாக், மேக்ல நியோஃபைண்டர், காசில்லாம வேணும்னா வர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ, எதுல வேணா ஸ்கேன் பண்ணி கேட்டலாக் போட்டுடலாம், அதாவது டிஸ்க்க மாட்டாமலே தேடற மாதிரி உள்ள இருக்கற ஃபைலோட லிஸ்ட், அதுல கஷ்டமே இல்ல. ஆனா உள்ள இருக்கறது ட்ராக்01, டிஎஸ்சி00412, ஸ்கேன்0007னு பேரு மட்டும்தான்னா டிஸ்க் கையில இல்லாத நேரத்துல அத வச்சு என்னத்த தேடறது? ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து விவரம் டைப் அடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது, அதனால ஃபைலுக்குள்ளயே கிடக்கற தகவல சாஃப்ட்வேர் எடுத்துப் போட்டுக்கணும்.

பாட்டுன்னா ஐடி3 டேக் (எம்பி3க்குள்ள இருக்கற பாட்டு பேரு, பாடகர், ஆல்பம்), போட்டோன்னா எக்ஸிஃப் (கேமரா எழுதி வைக்கற தேதி, கேமரா பேரு மாதிரி விவரம்), பிடிஎஃப்னா டைட்டிலும் எழுதினவர் பேரும், வீடியோன்னா நீளமும் ரெசல்யூஷனும், ஜிப்னா உள்ள என்னென்ன ஃபைல் இருக்குங்கற லிஸ்ட். ஸ்கேன் செட்டிங்ஸ்ல பெரும்பாலும் இதுக்கெல்லாம் தனித்தனி டிக் இருக்கும். எல்லாத்தையும் டிக் பண்ணிட்டா ஒவ்வொரு ஃபைலயும் தொறந்து படிச்சாகணும், பேர மட்டும் எடுக்கறத விட ரொம்ப நேரம் ஆகும், டிவிடின்னா சொல்லவே வேணாம். அந்த டிஸ்க்ல எது இருக்கோ அத மட்டும் டிக் பண்ணுங்க.

இப்ப முக்கியமான விஷயம். தானா எடுக்கறது ஈஸி, எடுத்தது உருப்படியா இருக்கணுமே. உள்ள எவ்ளோ குப்பை இருக்குன்னு பாருங்க. பழைய ஒலிம்பஸ் கேமரால எடுத்த போட்டோ எல்லாத்துலயும் இமேஜ் டிஸ்கிரிப்ஷன்ற எடத்துல "ஒலிம்பஸ் டிஜிட்டல் கேமரா"ன்னே இருக்கும், ஆயிரம் போட்டோவுக்கும் அதே விவரம். வேர்ட்ல இருந்து பிரிண்ட் குடுத்து செஞ்ச பிடிஎஃப்ல டைட்டில் "மைக்ரோசாஃப்ட் வேர்ட் - டாக்குமெண்ட்1". டவுன்லோடு சைட்ல எடுத்த எம்பி3ல ஆல்பம், கமெண்ட், ஏன் பாடகர் பேர்ல கூட அந்த சைட்டு விலாசத்த ஒட்டி வச்சிருப்பான். வாட்ஸப்ல வந்த போட்டோல எக்ஸிஃபே இருக்காது, ஆனா ஃபைல் பேர்ல 20190114னு தேதி இருக்கும், அது வாட்ஸப்ல வந்த தேதி, எடுத்த தேதின்னு நம்பிடாதீங்க.

தமிழ் டேக் இன்னும் மோசம். ஐடி3 முதல் வெர்ஷன்ல பாட்டு பேருக்கு மொத்தமே 30 பைட்டுதான், யூனிகோட சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல ஒரு தமிழ் எழுத்துக்கு 3 பைட், கொம்பு, கால், புள்ளிக்கெல்லாம் தனியா இன்னொரு 3. "கண்ணே கலைமானே"வே முழுசா உள்ள போகாது. அதோட யூனிகோடுக்கு முன்னாடி பாமினி, டிஸ்கின்ற பழைய தமிழ் ஃபாண்ட் முறை காலத்துல அடிச்ச டேக்குன்னா அந்த ஃபாண்ட் இல்லாம ஒண்ணும் புரியாது.

அதனால கேட்டலாக் போடறதுக்கு முன்னாடியே டேக்க சரி பண்ணிடுங்க. பாட்டுக்கு எம்பி3டேக்ன்ற சாஃப்ட்வேர் போதும், ஃபைல் பேர்ல இருந்து டேக்குக்கு மாத்தற வசதி இருக்கு, கமெண்ட்டு மொத்தத்தையும் ஒரே அடியா காலி பண்ணலாம், சேமிக்கும்போது ஐடி3 ரெண்டாவது வெர்ஷன யூனிகோடுல போடுங்க, முதல் வெர்ஷன தூக்கிடுங்க. பேர தமிழ்லயும் இங்கிலீஷ் எழுத்துலயும் சேர்த்து வச்சா நல்லது, ஏன்னா இளையராஜாவ இங்கிலீஷ்ல மூணு நாலு விதமா எழுதறாங்க, தேடும்போது எந்த ஸ்பெல்லிங் விரல்ல வரும்னு நமக்கே தெரியாது.

நம்ம சாஃப்ட்வேர் சரியா எடுக்கலன்னா இன்னொரு வழி இருக்கு. 4டாஸ்ங்கற பழைய டாஸ் சாஃப்ட்வேர் காலத்துல இருந்து வர்ற டிஸ்கிரிப்ட்.அயன் (descript.ion)ங்கற சின்ன டெக்ஸ்ட் ஃபைல். ஃபோல்டருக்கு ஒண்ணு, வரிக்கு ஒரு ஃபைல் பேரு, ஒரு ஸ்பேஸ், அப்புறம் விவரம், அவ்ளோதான். பேர்ல ஸ்பேஸ் இருந்தா டபுள் கோட்ஸ்ல போடணும். ஃபைல் மேனேஜர்களான டோட்டல் கமாண்டர், ஃபார் மேனேஜர், போட்டோ பாக்கற எக்ஸென்வியூ எல்லாம் இத படிக்கும், உங்க கேட்டலாக் சாஃப்ட்வேர் படிக்குதான்னு இம்போர்ட் செட்டிங்ஸ்ல பாத்துக்குங்க. இத கையால எழுத வேணாம். எக்ஸிஃப்டூல்னு இலவச டூல் இருக்கு, சிஎஸ்வி (கமா போட்டு பிரிச்ச டேபிள் ஃபைல்) ஆப்ஷன குடுத்தா ஃபோல்டர்ல இருக்கற போட்டோ, வீடியோ, பிடிஎஃப் எல்லாத்தோட தகவலும் ஒரே டேபிளா வந்துடும். அத லிப்ரேஆபீஸ்ல யூடிஎஃப்-8னு சொல்லி தொறந்து, பேரு, தேதி, கேமரான்னு வேணுங்கற நெடுவரிசை மட்டும் வச்சு, குப்பை வரிய ரீப்ளேஸ்ல காலி பண்ணி, ஒரு ஃபார்முலால ஒட்டி, டெக்ஸ்ட்டா சேவ் பண்ணா முடிஞ்சுது. விவரத்துக்கு நடுவுல என்டர் இருந்தா அடுத்த வரி குழம்பிடும், அத மட்டும் பாத்துக்குங்க. டிவிடில இந்த ஃபைல எழுத முடியாது, அதுக்கு கேட்டலாக் உள்ளயே போட்டாகணும். அப்புறம் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல ஃபைல வேற எடத்துக்கு நகத்தினா விவரம் கூட போகாது, டோட்டல் கமாண்டர்ல கமெண்ட்டையும் சேர்த்து காப்பி பண்ற ஆப்ஷன் இருக்கு.

ஃபோல்டர் விஷயம் வேற. ஃபோல்டருக்குள்ள எக்ஸிஃபும் கிடையாது டேக்கும் கிடையாது, அதனால உள்ள இருக்கறத கூட்டித்தான் சொல்லணும். எத்தன ஃபைலு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த கேமரா. அதே டேபிள்ல இருக்கறதுலயே பழைய தேதியும் கடைசி தேதியும் எடுத்தா "போட்டோ 412, 2011 ஜனவரி - மே"ன்னு ஒரு வரி கிடைச்சுடும். இதுக்கு முன்னாடி நீங்க கையால ஒரே ஒரு வரி சேருங்க, "அக்கா கல்யாணம், மதுரை"ன்னு. அத எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. ஏஐ வச்சு போட்டோவுக்கு விவரம் எழுத விட்டா கூட "சிலர் மேடையில் நிற்கிறார்கள்"னுதான் எழுதும், நிக்கறது யாருன்னு உங்களுக்குத்தான தெரியும். ஃபோல்டரோட விவரம் அதுக்கு மேல இருக்கற ஃபோல்டரோட டிஸ்கிரிப்ட்.அயன்ல போய் உக்காரும், உள்ள தேடாதீங்க.

கடைசியா மறு ஸ்கேன். அப்டேட் பண்ணும்போது ஏற்கனவே இருக்கற விவரத்த அழிக்கணுமா, காலியா இருக்கறத மட்டும் நிரப்பணுமான்னு ஆப்ஷன் இருந்தா காலியா இருக்கறத மட்டும்னு வைங்க, இல்லன்னா கையால எழுதினது ஒரே ஸ்கேன்ல காலி. தானா வந்த விவரத்துக்கு எல்லாம் முன்னாடி "தானா:"ன்னு போட்டுட்டா பின்னாடி பிடிக்கலன்னா அத மட்டும் தேடி மொத்தமா அழிச்சுட்டு வேற மாதிரி போட்டுக்கலாம். முழு டிஸ்க்கையும் விடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃபோல்டர்ல ஓட்டிப் பாத்து, டிஸ்க்க கழட்டிட்டு ஒரு பாட்டையோ போட்டோவையோ தேடிப் பாருங்க. கிடைச்சுதுன்னா மிச்சத்தையும் ராத்திரி ஓட விட்டுட்டு போய் தூங்கலாம்.