ஊரில் பல் வைத்தியமா? முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்

"ஊருக்குப் போகும்போது பல்லையும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம்" என்பது அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சகஜமான பேச்சு. நியாயமான யோசனைதான். அமெரிக்கப் பல் காப்பீட்டில் ஆண்டு உச்சவரம்பு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனல் (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது) செய்து, மேலே கேப் என்னும் உறை போட்டாலே அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். ஊரில் செலவு மிகக் குறைவு. நல்ல டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. காரியம் கெடுவது கடைசி வாரத்தில் டாக்டரைத் தேடி ஓடுவதால்தான். கல்யாணம், கோயில், ஜவுளிக்கடை எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ரூட் கேனல் ஒரே நாளில் முடிவதும் உண்டு. ஆனால் சீழ் கட்டியிருந்தால், உள்ளே மருந்து வைத்து மூடி, சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். அதன்பிறகு பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். கேப் வந்து சேர மேலும் சில நாள் ஆகும். பொங்கல் விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் தாமதம். கேப் ஒட்டியதும் வேலை முடிந்துவிடாது. இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டுப் பாருங்கள். மெல்லும்போது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடிக்கிறதா? டாக்டர் சற்றே தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. அதற்கு நீங்கள் ஊரில் இருந்தாக வேண்டும்.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் மாட்டுவது, ஒரே பயணத்தில் முடிகிற காரியம் அல்ல. டைட்டானியம் திருகை எலும்பு இறுகப் பற்றிக்கொள்ள 3 முதல் 6 மாதம் ஆகும். இந்த முறை திருகு, அடுத்த முறை பல் என்று திட்டமிடுங்கள். உடனே பல் மாட்டும் முறையும் உண்டு, ஆனால் எல்லோருடைய எலும்புக்கும் அது ஒத்துவராது.

யாரிடம் போவது? ரூட் கேனலுக்கு எண்டோடான்டிக்ஸ் பிரிவில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவர், கேப்புக்கும் பல் செட்டுக்கும் ப்ராஸ்தோடான்டிக்ஸ் முடித்தவர். சிக்கலான கேஸ் என்றால், எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்லது. மாணவர்களும் வேலை செய்வதால் நேரம் கூடுதலாகும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மான மாத்திரை, சர்க்கரை அளவு, பெனிசிலின் ஒவ்வாமை எல்லாவற்றையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் பல்லின் எண். கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்லை ஊரில் 46 என்று எழுதுவார்கள்; அமெரிக்காவில் அதே பல் 30. அமெரிக்க டாக்டர் 18 என்று குறித்தால் அது கீழே இடப்பக்கம் இரண்டாவது கடைவாய்ப் பல். ஊர்க் கணக்கில் 18 என்பது மேலே வலப்பக்கத்து ஞானப்பல்! அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், எக்ஸ்ரேயைக் காட்டி, வாயைத் திறந்து, விரல் வைத்து எந்தப் பல் என்று உறுதி செய்யுங்கள்.

பல் பிடுங்கிய மறுநாளே விமானம் ஏறாதீர்கள். ரத்தக்கசிவோ வீக்கமோ வந்தால் நடுவானில் கவனிக்க ஆளில்லை. சரியாக அடைக்காத பல்லுக்குள் காற்று தங்கியிருந்தால், உயரத்தில் அழுத்தம் மாறும்போது வலி பின்னியெடுக்கும்.

கிளம்புமுன் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களை டிஜிட்டல் பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். இம்ப்ளான்ட் என்றால் நிறுவனம், மாடல், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள அட்டை கட்டாயம் வேண்டும். பின்னாளில் திருகு தளர்ந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்பதை அமெரிக்க டாக்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பில்லில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், தேதி, எந்தப் பல், என்ன சிகிச்சை, எவ்வளவு ரூபாய் என்று தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருமா என்பதை மட்டும் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.